நல்லதங்காள் நாடகத்தில் தாய்மையின் அவலம்

நல்லதங்காள் கதையைக் கதைப்பாடலாகப் படிப்போர் பெறும் நுகர்ச்சியும், நாடகமாகக் காண்போர் பெறும் நுகர்ச்சியும் ஒன்றல்ல. ஏட்டில் ‘மக்கள் எழுவர்’ என்பது ஓர் எண்ணே. மேடையிலோ எழுவரும் உயிருடன் வந்து தாயின் முன்றானையைப் பற்றி நிற்கின்றனர். பசி என்னும் சொல்லைப் புலவர் கூற வேண்டுவதில்லை. பிள்ளைகளின் முகமே கூறிவிடுகின்றது.

சங்கரதாச சுவாமிகள் (1867–1922) இயற்றியனவாகக் குறிக்கப்பெறும் நாடகங்களுள் நல்லதங்காளும் ஒன்று. அவர்தம் பிள்ளைப் பருவத்தில், 1876 முதல் 1878 வரை, சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. ஆதலின் பன்னீராண்டுப் பஞ்சத்தால் மானாமதுரையை நீங்கித் தமையன் மனை நாடிய தாய், அக்கால அவையினர்க்குப் பழங்கதைத் தலைவியாக மட்டும் தோன்றியிராள் என்று கருதுதல் பொருந்தும்.

அழுகை என்னும் மெய்ப்பாடு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கும் நிலைக்களனாகத் தோன்றும் என்பது தொல்காப்பியர் கொள்கை. இந்நான்கும் ஒருத்திமேல் ஒருங்கே வந்து கவிவதனைக் காட்டும் தமிழ் நாடகங்கள் சிலவே. அரசியாக வாழ்ந்தவள் அந்நிலை கெடுதல் அசைவு. ஏழு வயிற்றுக்கு ஒரு பிடியும் இன்மை வறுமை. எனினும் அவளைக் கிணற்றடிக்குச் செலுத்தியது வறுமை அன்று என்பது எம் கருத்து. வறுமையைப் பொறுத்துத்தான் அவள் நெடுவழி நடந்து வந்தாள். பிறந்தகத்தில் அண்ணி மூளி அலங்காரி உளுத்த தானியத்தையும் எரியாத பச்சை விறகையும் கொடுத்தபொழுது நேர்ந்த இளிவே அவளை வீழ்த்துகின்றது. அந்நிலையிலும் அவள் உலை வைக்கின்றாள். அடுப்பைச் சுற்றிப் பிள்ளைகள் காத்திருக்கும் அச்சிறு பொழுதே நாடகத்தில் தாய்மையின் இன்பம் தலைகாட்டும் இடம். நடிப்போர் பலர் இதனை விரைந்து கடந்து ஒப்பாரிக்குச் சென்றுவிடுதல் குறையே. தாலாட்டின் சாயல் இங்கே செவியில் நின்றால் அன்றோ, பின்னர்க் கிணற்றடியில் மக்களை ஒவ்வொருவராக விளிக்கும் புலம்பல் நெஞ்சைப் பிளக்கும்!

கி.மு. 431இல் அரங்கேறிய யூரிப்பிடீசின் ‘மெடியா’விலும் தாய் தன் மக்களைக் கொல்கின்றாள். அங்குக் கொலை மனையின் உள்ளே நிகழ்கின்றது. அவையினர் கேட்பது பிள்ளைகளின் குரல் ஒன்றே. மெடியா கணவனைப் பழிவாங்கக் கொல்பவள். தன் செயலின் கொடுமையைத் தானே உணர்ந்து கூறுபவள். நல்லதங்காளுக்குப் பழிவாங்கும் எண்ணம் இல்லை. கொலையோ அவையினர் கண்முன், ஏழு முறை நிகழ்கின்றது. ஆயினும் அவர்தம் சினம் அவள்மேற் செல்வதில்லை. முழுதும் அண்ணிமேற் செல்கின்றது. பஞ்சத்தில் மனைவியையும் மக்களையும் காக்க இயலாத கணவனும், தங்கைக்குத் தன் மனையில் உரிமை வகுத்து வையாத தமையனும் எளிதில் தப்பிவிடுகின்றனர். ஒரு பெண்ணின் துயருக்கு மற்றொரு பெண்ணையே முழுக் காரணமாக்கும் இவ்வமைப்பு நாடகத்தின் பெருங்குறை என்றே கூறுவோம்.

பாலர் சபைகளில் பெண் வேடங்களையும் சிறுவரே தாங்கினர் என்பதும் ஈண்டு எண்ணத்தக்கது. தாயைப் பிரிந்து குழுவோடு ஊர் ஊராகச் சென்ற சிறுவன் தாயாக நின்று அழுதால், அவ்வழுகையில் வேடம் எவ்வளவு, அவன்தன் ஏக்கம் எவ்வளவு என்று பிரித்தறிதல் அரிது.

எனினும் நாடகம் தன் தலைவியை முற்றும் மன்னித்துவிடவில்லை. தலைமகன் ஓடுகின்றான், தன்னையேனும் உயிருடன் விடுமாறு கெஞ்சுகின்றான். தாய் தன் மக்களின் உயிர்க்கும் உரியள் என்னும் கொள்கையை அவன் ஒருவனே மறுக்கின்றான். கற்பும் குலமானமும் பேசும் நாடகத்தில் இம்மறுப்புக்கு விடை இல்லை. தாய் அவனைத் துரத்திப் பற்றுகின்றாள். அவையில் அதுவரை அழுதுகொண்டிருந்த தாய்மார் தம் மடியிலுள்ள பிள்ளைகளை இறுக அணைத்துக்கொள்கின்றனர்.