ஹீலியம் என்ற பெயர் சரியானதா?

அறிவியற் சொல்லை மனப்பாடம் செய்வது வேறு. அதன் பொருளை அறிவது வேறு. கிரேக்க மொழியில் ‘ஹீலியோஸ்’ என்றால் சூரியன். இந்த ஒன்றை அறிந்துகொண்டால் பல சொற்கள் உங்களுக்குத் தாமே விளங்கும். கண்ணாடியால் சூரிய ஒளியைத் திருப்பிச் செய்தி அனுப்பும் கருவி ஹீலியோகிராஃப். புவி தன் பாதையில் சூரியனை மிக நெருங்கும் இடம் பெரிஹீலியன், தமிழில் அண்மைநிலை.

ஆனால், ஹீலியம் என்ற தனிமத்தின் பெயரில் இவ்வேர்ச்சொல் ஒரு பிழையோடு சேர்ந்து நிற்கிறது. எப்படி?

1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம். ஆந்திரத்துக் குண்டூரில் பிரெஞ்சு அறிஞர் ஜான்சன் சூரியனின் விளிம்புச் சுடர்களை நிறமாலைகாட்டியால் ஆராய்ந்தார். அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தில் லாக்யர், கிரகணம் இல்லாமலே அச்சுடர்களை ஆராய்ந்தார். அவற்றில் ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. சோடியத்தின் கோடுகளுக்கு அருகில் இருந்தும் அது அவற்றோடு பொருந்தவில்லை. இது புதிய தனிமம் என்று கருதி, சூரியனின் பெயரையே அதற்கு இட்டனர். சோடியம், கால்சியம் போல அதுவும் உலோகம் என்று எண்ணியதால் ‘இயம்’ என்ற ஈற்றையும் சேர்த்தனர் என்பர்.

1895இல் ராம்சே, கிளீவைட் என்னும் யுரேனியத் தாதுவிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். அது உலோகம் அன்று. எதனோடும் எளிதில் சேராத வாயு! அதன் குடும்பத்தைச் சேர்ந்த நியான், ஆர்கான் போல ‘ஹீலியான்’ என்றிருந்தால் பொருந்தியிருக்கும்.

தமிழில் ‘பரிதியம்’ என்று எழுதுவோரும் உளர். பிழை இங்கும் தொடர்கிறதா? இல்லை. தங்கமும் ‘அம்’ என முடிகிறது. உலோகமல்லாத கந்தகமும் அவ்வாறே முடிகிறது. ஆகவே அசலைவிடத் தமிழ்ப்பெயரே குற்றம் குறைந்தது!

உலகெங்கும் வேரூன்றிவிட்ட பெயரை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் பெயரை மட்டும் ஒப்புவிக்கச் செய்து, அது பிறந்த கதையை மறைப்பது நல்ல கல்வி ஆகாது. பெயர், பொருளின் இயல்பை மட்டுமன்றிப் பெயரிட்டவரின் எண்ணத்தையும் காட்டுகிறது.

ஓர் எச்சரிக்கை: ஒலியை மட்டும் நம்பாதீர்கள். ஹெலிகாப்டரில் சூரியன் இல்லை! அது திருகுச்சுருள், சிறகு என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை. வேரைத் தேடுங்கள், தேடியதைச் சரிபார்க்கவும் தவறாதீர்கள்.