கேட்டறிந்த பௌத்தம்: 1898ஆம் ஆண்டின் மணிமேகலைப் பதிப்பும் அதன் நூற்பின்புலமும்

உ. வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பு 1887இலும் மணிமேகலைப் பதிப்பு 1898இலும் வெளிவந்தன. இரண்டும் பதிப்பாசிரியர் பிறந்து வளர்ந்த சமயத்துக்குப் புறம்பான நூல்கள். இரண்டுக்கும் பொருள் காணப் பிற சமயக் கொள்கைகளை முதலிலிருந்து கற்கவேண்டியிருந்தது. ஆயினும் கற்ற வழி ஒன்றன்று. சிந்தாமணியின் சமணப் பொருளை விளக்கக் கும்பகோணத்திலேயே சமணக் குடும்பங்கள் இருந்தன. அவர்கள் இல்லங்களில் அந்நூல் ஓதப்பட்டது; ஓதி முடித்த நாள் விழாவாகக் கொண்டாடப்பட்டது. ஐயமுற்ற சொல்லுக்கு அச்சமயத்தைப் பின்பற்றிய ஒருவரிடமே விடை கிடைத்தது. மணிமேகலைக்கு அத்தகைய வீடு ஒன்றும் இல்லை. மணிமேகலையைத் தம் சமயநூலாக ஓதிவந்த மரபு தமிழகத்தில் அற்றுப்போய்ப் பல நூற்றாண்டுகள் கழிந்திருந்தன. எஞ்சியவை நூல்களே.

அந்நூல்கள் எவை என்னும் வினாவுக்குத் தமிழிலக்கிய வரலாறுகள் பெரும்பாலும் ஒரே விடையைத் தருகின்றன. கும்பகோணம் கல்லூரியில் உடன் பணியாற்றிய மளூர் ரங்காசாரியர், அது பௌத்த நூல் என்று தெளிவுபடுத்தி, ஆங்கிலத்தில் வெளிவந்திருந்த பௌத்த ஆராய்ச்சி நூல்களைப் படித்துப் பொருள் சொன்னார் என்பது அவ்விடை. மோனியர் வில்லியம்ஸ், மாக்ஸ் முல்லர், ஓல்டன்பர்க், ரைஸ் டேவிட்ஸ் ஆகிய பெயர்கள் இத்தொடர்பில் கூறப்படுகின்றன. செய்தி உண்மையே. ஆனால் இதிலிருந்து, தமிழர் மறந்துவிட்ட பௌத்தத்தை ஐரோப்பிய நூல்கள் திருப்பித் தந்தன என்னும் முடிவுக்குத் தாவுவது வழக்கமாகிவிட்டது. அத்தாவலில் இரண்டு உண்மைகள் விடுபடுகின்றன.

முதலாவது, சாமிநாதையர் ஆங்கிலம் அறியாதவர். அவர் அந்நூல்களைப் படிக்கவில்லை, கேட்டார். ஓல்டன்பர்க் ஜெர்மன் மொழியில் 1881இல் வெளியிட்ட நூல் அடுத்த ஆண்டே ஆங்கிலமாகி, ஆங்கிலமும் வடமொழியும் வல்ல ஓர் ஆசிரியரின் வாய்வழியாகத் தமிழ்ப் பேச்சாகி அவர் செவியை அடைந்தது. ரங்காசாரியரின் புலமை சிறியதன்று. மகாவீரரின் கணிதசாரசங்கிரகத்தை ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1912இல் பதிப்பித்தவர் அவர். அத்தகையவர் வாயில் பாலிச் சொல்லுக்கு ஆங்கிலம் தந்த நிகரன் கடந்துபோக, அதன் வடமொழி வடிவமே முன்னின்றிருக்கும் என்று கருத இடமுண்டு. கேட்டவரோ அச்சொல்லுக்குரிய தமிழைத் தம் ஏட்டில் ஏற்கெனவே வைத்திருந்தார்.

இது சிறு செய்தியன்று. மணிமேகலையின் முப்பதாம் காதை பன்னிரு நிதானங்களை முழுமையாகத் தமிழில் சொல்கிறது. அவித்தைக்குப் பேதைமை, நாமரூபத்துக்கு அருவுரு, ஆயதனத்துக்கு வாயில், பரிசத்துக்கு ஊறு என அங்கே ஆளப்படும் சொற்கள் வடசொல்லின் ஒலியைத் தழுவியவை அல்ல. பொருளை உணர்ந்து ஆக்கியவை. ஐரோப்பிய மொழிபெயர்ப்பாளர் பொருத்தமான சொல் தேடி இடர்ப்பட்ட இடங்களில், தமிழ் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தன் தேர்வை முடித்திருந்தது. ஆகவே வெளிநாட்டு நூல் இங்கே சொல்லைத் தரவில்லை. இருந்த சொல் எக்கோட்பாட்டின் எவ்வுறுப்பைக் குறிக்கிறது என்பதை மட்டுமே காட்டியது.

இரண்டாவது உண்மை இன்னும் முக்கியமானது. பதிப்பாசிரியர் முன் வேறொரு நூல் வரிசையும் இருந்தது. வீரசோழிய உரை, நீலகேசியும் அதன் உரையும், சிவஞான சித்தியார் பரபக்கம் ஆகியவை அதில் அடங்கும். முதலாவது மட்டுமே பௌத்தச் சார்புடையது. நீலகேசி, பௌத்தக் காப்பியமாகிய குண்டலகேசியை மறுக்க எழுந்த சமண நூல். பரபக்கமோ சைவ சித்தாந்தத்தை நிறுவுமுன் பிற சமயங்களை எடுத்துரைத்து மறுப்பது. சௌத்திராந்திகன், யோகாசாரன், மாத்தியமிகன், வைபாடிகன் என நால்வகைப் பௌத்தரை அருணந்தி சிவாசாரியர் பிரித்துக் காட்டுவது அவர்களை வெல்வதற்காகவே. எனினும் வெல்லவேண்டிய கொள்கையை அதன் சொற்களிலேயே நிறுத்திக் காட்டும் ஒழுக்கம் அவ்வாத மரபுக்கு இருந்தது. குண்டலகேசியில் இன்று எஞ்சியிருப்பவை சில செய்யுள்களே. அதன் வாதத்தின் சாயலை அறிய மறுத்தவர் நூலையே நாடவேண்டியுள்ளது. தமிழ்ப் பௌத்தத்தைக் காத்து வைத்தவர்களுள் அதன் எதிரிகளுக்குப் பெரும்பங்கு உண்டு. ஐரோப்பிய ஆசிரியர்களின் பெயர்களை வரிசைப்படுத்தும் இலக்கிய வரலாறுகள் அருணந்தியின் பெயரை இத்தொடர்பில் விட்டுவிடுவது வியப்புக்குரியது. நீலகேசி அ. சக்கரவர்த்தியின் பதிப்பாக அச்சேறியது 1936இல்தான். 1898க்கு முன் அதைப் பயன்படுத்தியவர் ஏட்டில் பயன்படுத்தினார் என்பதையும் கருதவேண்டும்.

இனி, கேட்ட நூல்கள் எங்கே துணைநின்றன, எங்கே வழிமறித்தன என்பது. மணிமேகலையோடு சாமிநாதையர் புத்த சரித்திரம், பௌத்த தருமம், பௌத்த சங்கம் ஆகியவற்றையும் எழுதிச் சேர்த்தார். தெளிந்த உரைநடை, இன்றும் படிக்கத் தக்கது. மும்மணிகளின் வரிசை பௌத்தருக்கு உரியதே. ஆனால் வரலாற்றில் வாழ்ந்த ஒரு மனிதரின் பிறப்பு, துறவு, ஞானம், மறைவு ஆகியவற்றைத் தலைவாயிலாக வைத்து ஒரு சமயத்துக்குள் நுழைவது, பாலி நூல்களை முதன்மைப்படுத்திய பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆராய்ச்சியின் நடைமுறை. மணிமேகலைக்குள் அந்த வாயிலே இல்லை. அங்கே புத்தர் பெரும்பாலும் இராதவர். மணிபல்லவத்தில் பாதபீடிகை உண்டு. அதைத் தொழுதவளுக்குப் பழம்பிறப்பு விளங்குகிறது. பன்னிரண்டாம் காதையில் அறவண அடிகள் 1616ஆம் ஆண்டில் புத்த ஞாயிறு தோன்றும் என்று எதிர்காலத்தில் வைத்துச் சொல்கிறார். வாழ்ந்து மறைந்த ஆசிரியரின் சரித்திரத்தை முன்னர்ப் படித்துவிட்டுக் காப்பியத்துக்குள் வரும் வாசகருக்கு இவ்விடம் காலக் குழப்பமாகத் தோன்றும். காப்பியத்துக்கோ இது குழப்பமன்று. வரவிருக்கும் ஒருவரை எதிர்நோக்கி அறம் செய்வதே அதன் பௌத்தம். அமுதசுரபியும், சிறைக்கோட்டம் அறக்கோட்டமாவதும் அந்த எதிர்நோக்கிலிருந்து பிரிக்க இயலாதவை.

இருபத்தொன்பதாம் காதையின் நிலை வேறு. அளவை, பக்கப் போலி, ஏதுப் போலி, எடுத்துக்காட்டுப் போலி என விரியும் அப்பகுதி திக்நாகர் வழிவந்த தருக்கத்தோடு நெருங்கியது, குறிப்பாக நியாயப்பிரவேசத்தோடு. அந்நூலின் வடமொழி மூலம் பரோடாவில் அச்சேறியது 1930இல். 1898இல் எந்த ஆங்கில நூலைப் படிக்கக் கேட்டிருந்தாலும் இக்காதைக்கு வேண்டிய துணை கிடைத்திராது. முப்பதாம் காதையின் கண்டம், சந்தி என்னும் பாகுபாட்டுக்குப் பாலி மரபு பெரிதும் உதவும். அதற்கு முந்தைய காதைக்கு அது உதவாது. அடுத்தடுத்த இரு காதைகள் வெவ்வேறு பௌத்த மரபுகளின் சாயலைக் காட்டுகின்றன என்பதே மணிமேகலையின் தனித்தன்மை. ச. கிருஷ்ணசுவாமி ஐயங்கார் 1928இல் வெளியிட்ட நூலும் குப்புசாமி சாஸ்திரியின் மறுப்பும் இக்காதையைத் திக்நாகருக்கு முன்வைப்பதா பின்வைப்பதா என்னும் கால ஆராய்ச்சியாகவே பெரிதும் அமைந்தன. ஒரு தமிழ்ப் புலவன் தருக்கப் பாடநூலின் பொருளை ஆசிரியப்பாவில் ஏன் சொன்னான் என்னும் வினா பின்தள்ளப்பட்டது. அதை மீண்டும் இலக்கிய வினாவாக்கியவர்களுள் ஆன் மோனியஸ் (2001) முதன்மையானவர்.

மணிமேகலைப் பதிப்பு வெளிவந்த அதே 1898இல் அயோத்திதாசர் இலங்கை சென்று சுமங்கல நாயக்க தேரரிடம் பஞ்சசீலம் பெற்றுத் திரும்பினார். இருவர் முன்னும் இருந்த தமிழ் நூல்கள் பெரும்பாலும் பொதுவானவை. மணிமேகலை, வீரசோழியம், நிகண்டுகள். படித்த நோக்கம் வேறு. சாமிநாதையருக்குப் பௌத்தம் ஒரு நூலின் பொருளை அறியத் தேவையான சமயம். அயோத்திதாசருக்கு நூல்கள், தம் மக்கள் இழந்த சமயத்துக்குச் சான்றுகள். 1907இல் தொடங்கிய தம் வார இதழிலும், 1912இல் நூலாகிய புத்தரது ஆதிவேதத்திலும் அவர் ஐரோப்பியர் வகுத்த புத்த சரித்திரத்தை விட்டுத் தமிழ்ச் செய்யுளையும் கன்னபரம்பரையையும் அடித்தளமாக்கினார். அவருடைய சொல்லாராய்ச்சி பல இடங்களில் நிற்காது. இந்திரம் என்னும் சொல்லை ஐம்பொறிகளை வென்றதனோடு இணைத்து நாட்டின் பெயரையே அதிலிருந்து வருவிப்பதை மொழியியல் ஏற்காது. ஆயினும், அவர் காட்டும் சான்றுகள் பாலி மூலங்களில் இல்லை என்பதையே குறையாகச் சொல்லும் திறனாய்வு, எந்த அளவுகோலால் அளக்கிறது என்பதைத் தானே கேட்டுக்கொள்வதில்லை. மணிமேகலையின் பல செய்திகளுக்கும் பாலி மூலம் இல்லை.

பயனைக் கொண்டு நோக்கினால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். சாமிநாதையரின் பதிப்பு மாணவரையும் ஆராய்ச்சியாளரையும் சென்றடைந்தது. அயோத்திதாசரின் எழுத்து கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளையும், கடல் கடந்து இரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் வாழ்ந்த தமிழரையும் அடைந்தது. சாம்பியன் ரீஃப்ஸில் இயங்கிய சித்தார்த்தா புத்தகசாலை அவருடைய நூல்களை மறுபதிப்புச் செய்தது.

நூல் வழியாகச் சமயம் கற்பதைப் பற்றி மணிமேகலைக்கே ஒரு நிலைப்பாடு உண்டு. இருபத்தேழாம் காதை சமயக் கணக்கர்தம் திறம் கேட்ட காதை. இருபத்தொன்பதாவது தவத்திறம் பூண்டு தருமம் கேட்ட காதை. மணிமேகலை எந்த ஏட்டையும் அவிழ்ப்பதில்லை. வஞ்சியில் மாதவன் வடிவு கொண்டு, அளவைவாதி முதல் பூதவாதி வரை ஒவ்வொருவரிடமும் சென்று அவரவர் கொள்கையை அவரவர் வாயால் கேட்கிறாள். பின்னரே காஞ்சியில் அறவண அடிகளிடம் தருமம் கேட்கிறாள். வேற்று வடிவம் ஏன் தேவைப்பட்டது என்பதற்குப் பெண் என்றால் சமயக் கணக்கர் பொருட்படுத்திப் பேசமாட்டார் என்பதே விடை. யாருக்கு யார் கற்பிப்பர் என்னும் அச்சிக்கலைக் காப்பியம் மறைக்கவில்லை. அச்சுப் புத்தகத்துக்குக் கேட்பவர் வடிவம் தெரியாது. சுரங்கத்து வாசகர் எந்த வடிவமும் மாற்றிக்கொள்ளாமலே அதைத் திறந்தார்.