சம்பளமில்லாத உத்தியோகம்

ஜொவானா டிரோலப்பின் 'தி ரெக்டர்ஸ் வைஃப்' 1991-ல் வந்த நாவல். இங்கிலீஷ் கிராமம், சர்ச் சமாசாரம், நமக்கெதுக்கு என்று தாண்டிப் போய்விடாதீர்கள்.

கதை சிம்பிள். லாக்ஸ்ஃபோர்ட் என்ற கிராமத்தில் பீட்டர் பாதிரியார். மனைவி அன்னா இருபது வருஷமாக, நம்ம ஊர் சி.எஸ்.ஐ. சபைகளில் சொல்வார்களே, 'பாஸ்டரம்மா'. சம்பளமும் கிடையாது, லீவும் கிடையாது. குடியிருக்கும் வீடுகூட சர்ச்சுக்குச் சொந்தம். கடைசிப் பெண் ஃப்ளோராவைப் பள்ளியில் மற்ற பிள்ளைகள் படுத்துகிறார்கள். தனியார் பள்ளிக்கு மாற்ற ஃபீஸ் வேண்டும். பீட்டர் எதிர்பார்த்த ஆர்ச்டீக்கன் பதவியும் கைநழுவிப் போகிறது. அன்னா சூப்பர் மார்க்கெட்டில் சாமான் அடுக்கும் வேலைக்குப் போய்விடுகிறாள். அவ்வளவுதான். ஊருக்குப் பொறுக்கவில்லை. புருஷனுக்கு அதைவிடப் பொறுக்கவில்லை.

ஏன்? காமர்ஸ் படித்தவன் கண்ணுக்கு இது கணக்கு விவகாரமாகத்தான் தெரிகிறது. ஒரு சம்பளத்துக்கு ரெண்டு ஆள் வேலை. இதை யாரும் நோட்டில் எழுதியதில்லை. எழுதாத வரை அதற்குப் பெயர் தொண்டு. அன்னா ஷெல்ஃபில் டப்பா அடுக்கியதும், அவள் உழைப்புக்கு மணிக்கு இவ்வளவு என்று ஒரு ரேட் உண்டு என்பது அம்பலமாகிவிட்டது. ஏழையாக இருந்தால் ஊருக்கு ஆட்சேபணை இல்லை. சம்பாதித்தால்தான் மானம் போகிறது!

ஜொவானாவின் தூரத்துச் சொந்தம் ஆண்டனி டிரோலப். அவருடைய 'பார்செஸ்டர் டவர்ஸ்' (1857) நாவலில் மிஸஸ் ப்ரௌடி, பிஷப் புருஷனையே ஆட்டிவைப்பாள். அது அதிகாரம். அன்னா கேட்பது அதுவல்ல. அவள் கேட்பது சொந்தமாகக் கொஞ்சம் காசு, கிராமத்துக்கு வெளியே சில மணி நேரம்.

இந்த மாதிரி நாவல்களை விமர்சகர்கள் 'ஆகா சாகா' என்று கிண்டல் செய்தார்கள். (நம்ம 'ஆகா' இல்லை. வசதியான கிராமத்து வீடுகளில் இருக்கும் பெரிய அடுப்புக்கு அந்தப் பெயர்.) அடுப்படிக் கதை என்ற இந்த இளக்காரம் எனக்கு ஒப்புதலில்லை. சுதந்திரப் பிரச்னை அடுப்படியில் இல்லாமல் வேறெங்கே இருக்கிறது?

என் சண்டை வேறு. பாதிக்கு மேல் பீட்டர் கார் விபத்தில் செத்துப் போகிறார். கசந்துபோன கணவன் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே அன்னா எப்படித் தன் காலில் நிற்பாள் என்பதுதான் கஷ்டமான கேள்வி. அதற்குப் பதில் எழுத வேண்டிய இடத்தில் ஜொவானா ஒரு விபத்தை அனுப்பிவிட்டார். விதவை தனியாக நிற்பதை எந்த ஊரும் ஒருவிதமாக மன்னித்துவிடும்.

1994-ல் லிண்ட்ஸே டங்கன் நடித்து டி.வி. தொடராகவும் வந்தது. அதே வருஷம் மார்ச் 12-ம் தேதி பிரிஸ்டல் கதீட்ரலில் 32 பெண்கள் இங்கிலாந்து திருச்சபையின் முதல் பெண் பாதிரிகள் ஆனார்கள். அவர்களுடைய கணவர்களிடம் யாராவது பூ அலங்காரம் பண்ணச் சொன்னார்களா என்று டிரோலப் ஒரு நாவல் எழுதியிருக்கலாம்.

விபத்துவரை நிதானமாகப் படியுங்கள். குறிப்பாக, அன்னா வேலைக்குப் போன பிறகு பீட்டர் பேசாமல் இருக்கும் பக்கங்களை.