கல்வியும் கணையாழியும்

சிவகாசி, திருத்தங்கல், விருதுநகர் வட்டாரங்களிலிருந்து அமெரிக்காவுக்குப் படிக்கச் சென்ற பிள்ளைகள் பட்டம் பெறும் பருவம் நெருங்குகையில், பட்டமளிப்பு அங்கிக்கும் தொப்பிக்கும் பணம் கட்டச் சொல்லும் அதே கையோடு, கல்லூரி மோதிரம் ஒன்றுக்கான விலைப்பட்டியலும் அவர்கள் முன் நீட்டப்படுகிறது. நடுவில் ஒரு கல். அதைச் சுற்றிக் கல்லூரியின் பெயர். ஒரு பக்கத்தில் பட்டம் பெறும் ஆண்டு, மறுபக்கத்தில் கல்லூரியின் முத்திரை. உட்புறத்தில், விரும்பினால், அணிபவரின் பெயர். விலை சில நூறு டாலரில் தொடங்கி, தங்கத்தில் செய்வதானால் ஆயிரத்தையும் தாண்டும். வாங்கலாமா என்று ஊரிலிருக்கும் தகப்பனாரைக் கேட்டால், "தங்கந்தானே, வாங்கிப் போடு" என்று சொல்லக் கூடியவர்களே நம்மில் அதிகம். அவ்வளவு சுலபமாக விடை சொல்லிவிடத்தக்க விஷயமன்று இது என்பது என் அபிப்பிராயம்.

இவ்வழக்கத்தின் பூர்வோத்தரத்தை முதலில் பார்ப்போம். அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கழகத்தில் 1835ஆம் ஆண்டு தேர்ந்து வெளியேறிய வகுப்பினர்தாம் அந்நாட்டில் முதன்முதலாக வகுப்பு மோதிரம் அணிந்தவர்கள் என்பர். மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1930ஆம் ஆண்டு வகுப்பாரிலிருந்து நீர்நாய் உருவம் பொறித்த மோதிரம் வழங்கி வருகிறது; மாணவர்கள் அதனைப் 'பித்தளை எலி' என்று கேலியாகவும் பிரியமாகவும் அழைப்பதோடு, படிக்கும் காலத்தில் ஒரு திசை நோக்கியும், பட்டம் பெற்றபின் அதைத் திருப்பி மறுதிசை நோக்கியும் அணிகிறார்கள். வெஸ்ட் பாயிண்ட்டிலோ, காலமான பழைய மாணவர்களின் மோதிரங்களைக் குடும்பத்தார் கழகத்துக்கே அளித்துவிட, அவற்றை உருக்கிப் புதிய வகுப்பாரின் மோதிரங்களுக்கான பொன்னோடு கலக்கும் வைபவம் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து நடந்து வருகிறது. போரில் மாண்ட ஒருவரின் விரலில் இருந்த பொன் ஓர் இளைஞனின் விரலுக்கு வருகிறதென்றால், அதை வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. தூர தேசத்தில், முன்பின் அறியாத இருவர் ஒருவர் கையை மற்றவர் பார்த்த மாத்திரத்தில் சிநேகிதராகிவிடுவதும், அந்தச் சிநேகத்தால் வேலைக்கு வழி பிறப்பதும் அங்கே அபூர்வமல்ல. இவ்வழக்கத்தின் சிறப்புகளில் தலையாயது இதுதான்.

ஆனால் படிப்புக்கு ஆபரணம் பூணும் கதை திருத்தங்கலுக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தின் கட்டுரைக் காதையில், மதுரையின் காவல் தெய்வம் கண்ணகிக்குச் சொல்லும் வரலாற்றில் வரும் தங்கால் என்ற ஊர் இதுவே என்பது வழிவழி வந்த கொள்கை. சேர மன்னனிடம் பெரும்பொருள் பெற்றுத் திரும்பும் பராசரன் என்னும் மறையவன் வழியில் இவ்வூரின் அரசமரத்து மன்றத்தில் இளைப்பாறுகிறான். விளையாட வந்த சிறுவர்களைத் தன்னோடு மறை ஓதும்படி அழைக்கிறான். வார்த்திகன் என்பவனுடைய மகன் தட்சிணாமூர்த்தி மழலை மாறாத நாவால் பிழையின்றி ஓதிவிட, மகிழ்ந்து முத்துப் பூணூலும் கடகமும் தோடும் முதலான அணிகளைக் கொடுத்துவிட்டுப் போகிறான். சோதித்துப் பார்த்தவனே கையால் எடுத்துக் கொடுத்த பரிசு அது. பெற்றவன் ஒரு காசும் கட்டவில்லை. பின்னால் நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. அவ்வீட்டுப் பிள்ளை நகை பூண்டு திரிவதைக் கண்டு பொறாத அரசப் பணியாளர்கள், புதையல் எடுத்தவன் என்று பழி சுமத்தி வார்த்திகனைச் சிறையிலிட்டார்கள். அவன் மனைவி கார்த்திகை மண்ணில் புரண்டு அழுதாள். கொற்றவையாகிய ஐயையின் கோயில் கதவு திறக்க மறுத்தது. உண்மை அறிந்த பாண்டியன் அவனை விடுவித்துப் பிழை பொறுக்குமாறு வேண்டித் தங்காலையும் வயலூரையும் அவனுக்கு அளித்தான். கல்விக்காகப் பெற்ற ஆபரணத்தின் பெருமையையும், அதை ஊரார் முன் அணிவதால் விளையும் அசூயையையும் ஒரே கதையில் வைத்துக் காட்டிவிட்டார் இளங்கோவடிகள்.

ஆக, மோதிரம் நல்லதா கெட்டதா என்பதைக் காட்டிலும் அதை யார் கொடுத்தார், எதற்காகக் கொடுத்தார் என்பதே முதன்மையான கேள்வி. 1959இல் சென்னை மாநகராட்சித் தேர்தலில் தி.மு.க. பெற்ற வெற்றிக்காக அண்ணா பொதுமேடையில் கருணாநிதிக்குக் கணையாழி அணிவித்ததும், அம்மோதிரம் யார் பணத்தில் வாங்கப்பட்டது என்பது பற்றிக் கண்ணதாசன் தம் 'வனவாசம்' நூலில் வேறொரு கதை எழுதியதும் தமிழர் அறிந்தவை. அவ்விரண்டில் எது மெய் என்ற ஆராய்ச்சி நமக்கு இங்கே வேண்டாம். பெற்ற மோதிரத்துக்கும் வாங்கிய மோதிரத்துக்கும் இடையே மலையளவு பேதம் உண்டு என்று நம் மக்கள் கருதியிராவிட்டால், அந்த விவாதம் இத்தனை காலம் நடந்திராது என்பதொன்றே போதும். விலைப்பட்டியலில் கல்லின் நிறத்தைத் தேர்ந்தெடுத்து, கடன் அட்டையில் பணம் செலுத்தி, தபாலில் வரவழைக்கும் மோதிரம் எந்த வகையைச் சேர்ந்ததென்று வாசகர்களே தீர்மானிக்கலாம்.

கனடாவின் இரும்பு மோதிரத்தை நான் இக்கண்டனத்திலிருந்து விலக்கிவிடுகிறேன். ஹால்டெய்ன் என்ற பொறியியல் பேராசிரியர் 1922இல் விதைத்த எண்ணம். ருட்யார்ட் கிப்ளிங் எழுதிக் கொடுத்த உறுதிமொழி. 1925இல் மாண்ட்ரியால் நகரில் முதல் சடங்கு. தன் தொழிலில் பழுதான வேலைக்கு இடங்கொடேன் என்று உறுதி கூறும் பொறியாளருக்கு, வேலை செய்யும் கையின் சுண்டு விரலில், கல்லோ பொன்னோ இல்லாத ஒரு வளையம் அணிவிக்கப்படுகிறது. 1907இல் இடிந்து விழுந்து 75 தொழிலாளரைப் பலிகொண்ட கியூபெக் பாலத்தின் இரும்பிலிருந்து செய்தது என்று அதைப்பற்றி ஒரு கதை உலவுகிறது. கதை பொய்தான், எனினும் அம்மோதிரம் நினைவூட்ட விரும்பும் கடமை பொய்யன்று. டொராண்டோ நகரத் தமிழ்க் குடும்பங்களிலும் அதை அணிந்த பொறியாளர்கள் இருக்கிறார்கள். அதில் கல்லூரியின் பெயர் கிடையாது. 'நான் இன்ன இடத்தில் படித்தேன்' என்று அது பிரஸ்தாபிப்பதில்லை.

இனி, தகப்பனார் சொன்ன "தங்கந்தானே" என்ற சமாதானத்தைப் பரிசீலிப்போம். அமெரிக்கக் கல்லூரி மோதிரங்களில் பெரும்பாலும் புழங்குவது 10 காரட் தங்கம். அதாவது 24 பங்கில் 10 பங்கே பொன். 12 கிராம் எடையுள்ள மோதிரத்தில் சுத்தத் தங்கம் 5 கிராம்தான். நம் நாட்டில் நகைக்கு முத்திரை வழங்கும் தரங்களின் வரிசையில் 10 காரட்டுக்கு இடமே இல்லை. 916 முத்திரையைப் பார்த்துப் பழகிய சிவகாசி அடகுக் கடைக்காரர் இம்மோதிரத்தை வாங்கி, உரைகல்லில் ஓர் இழுப்பு இழுத்து, கோட்டின் நிறத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கி, கல்லுக்கு எடை கழித்து, சுற்றிலும் உள்ள ஆங்கில எழுத்துகளை ஒரு முறை ஏறிட்டும் பாராமல் தராசில் போடுவார். கல்லூரியின் கீர்த்திக்கு அங்கே மதிப்பு ஒன்றுமில்லை. அவசரத்துக்கு உதவும் என்பதற்காகவே பொன் வாங்கும் குடும்பங்கள் நிறைந்த இவ்வட்டாரத்தில், இது நகையுமாகாது, சேமிப்புமாகாது.

கைத்தொழில் சார்ந்த ஆட்சேபம் ஒன்றும் உண்டு. எனக்கு அது மிக முக்கியமாகப் படுகிறது. ஓடும் லேத் இயந்திரத்தில் மோதிரம் சிக்கினால் விரலின் சதையையே உரித்துக்கொண்டு போய்விடும். எந்தப் பொறியியல் கல்லூரிப் பட்டறையிலும் முதல் நாள் சொல்லும் எச்சரிக்கை அது. பட்டாசு ஆலையின் மருந்துக் கலவை அறையிலோ, உராய்வில் ஒரு பொறி பிறந்தாலும் ஆபத்து என்பதால், இரும்புக் கருவிக்கும் இரும்பாணி அடித்த செருப்புக்கும் அனுமதியில்லை. வேதியியல் படித்துவிட்டு அங்கே போர்மேனாகச் சேரும் இளைஞன் மோதிரத்தை வீட்டில் கழற்றி வைத்துவிட்டுச் செல்வதே விவேகம். கனடாவின் இரும்பு வளையத்துக்கும் இந்த ஆட்சேபம் பொருந்தும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கையால் உழைப்பவனுக்கு உழைக்கும் நேரத்தில் அணியவொண்ணாத சின்னம், உழைப்பின் சின்னமாக எப்படி இருக்கும்?

நம் கல்லூரிகளில் மோதிர வழக்கம் வரவில்லை. ஆயினும் அதன் இளைய சகோதரர்கள் வந்துவிட்டார்கள். பிரிவுபசார விழாவுக்கு ஒரே நிறச் சேலை, முதுகில் எல்லாருடைய பெயரும் அச்சிட்ட பனியன், குழுப் படம், நினைவுப் பரிசு என்று தலைக்கு இவ்வளவு என வசூல் நடக்கிறது. தீப்பெட்டி ஒட்டியும் பட்டாசுக்குத் திரி செருகியும் மகளைப் படிக்கவைக்கும் தாயிடம் அந்தத் தொகையைக் கேட்கக் கூசி, விழாவன்று காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் இருந்துவிடும் பெண்கள் உண்டு. ஒற்றுமையைக் காட்டுவதற்கென்று ஏற்பட்ட சின்னம், பணம் கட்ட முடியாதவளை வாசலுக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. இதே வட்டாரத்தில், 1889இல், விருதுநகர் வியாபாரிகள் தம் மகமைப் பணத்தைக் கொண்டு க்ஷத்ரிய வித்யாசாலையை நிறுவினார்கள். மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்து வைத்த அந்தப் பொதுப் பணத்தில் படித்தவர்கள் கையில் எந்த முத்திரையும் இல்லை, பள்ளிக்கூடம் இருக்கிறது.

ஆதலின் என் தீர்ப்பு இது. கடமையை ஏற்கும் சடங்கில் பிறர் அணிவிக்கும் மோதிரத்தைத் தாராளமாக ஏற்கலாம். விலைப்பட்டியல் மோதிரத்தை, சொந்தச் சம்பாத்தியம் உள்ளவர் தம் மகிழ்ச்சிக்காக வாங்குவதை நான் குறை சொல்லமாட்டேன். கல்விக் கடன் வாங்கி, அல்லது வீட்டு நகையை அடகு வைத்துப் படிக்கச் சென்ற பிள்ளை அதை வாங்க வேண்டியதில்லை. நம் கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்கள் இவ்வழக்கத்தை இங்கே கொணர விரும்பினால், மாணவரிடம் வசூல் செய்யாமல், சங்கத்தின் செலவிலேயே வகுப்பில் ஒருவர் விடாமல் எல்லாருக்கும் கல் வைக்காத எளிய வெள்ளி மோதிரம் அணிவிக்கட்டும். அதற்கு நிதி போதாதென்றால், இருக்கும் பணத்தில் இரண்டு பேருடைய தேர்வுக் கட்டணத்தையாவது கட்டிவிட்டு, மோதிரப் பேச்சை அடுத்த ஆண்டு எடுத்துக்கொள்ளட்டும்.