ஆற்றை மறந்த பாதையும், பாதை அமையாத ஆறும்

ஊவாவிலும் அதன் எல்லையோரத்திலும் ஆறும் மலையும் பார்த்து நடக்க எங்கே போகலாம் என்று கேட்டால், இரண்டு பெயர்கள் உடனே வரும்: ஹோர்டன் சமவெளி, தியலும. இரண்டும் அழகு என்பதில் யாருக்கும் ஐயமில்லை. நடக்கிறவருக்கு ஆற்றைப் பாதை எவ்வளவு புரியவைக்கிறது என்பதே இங்கு என் அளவுகோல்.

1988 முதல் தேசியப் பூங்காவாக உள்ள ஹோர்டன் சமவெளியின் வலிமை அதன் முறைமை. வாசலிலேயே பைகளைத் திறந்து பொலித்தீனை எடுத்துவிடுகிறார்கள். 9.5 கிலோமீட்டர் சுற்றுப்பாதையில் புல்வெளி, முகில்காடு, செங்குத்து விளிம்பு, அருவி எல்லாம் சீராக அடுக்கப்பட்டுள்ளன. ஆனால் இந்த அடுக்கிலேயே குறையும் இருக்கிறது. காலை பத்து மணிக்குள் மூடுபனி ஏறிவிடும் என்பதால் எல்லோரும் முதலில் உலக முடிவு எனப்படும் அந்த விளிம்புக்கு ஓடுகிறார்கள். பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சிக்கு வரும்போது கால் ஓய்ந்திருக்கும். ஒரு படம் எடுத்ததும் திரும்பிவிடுவார்கள். அங்கே விழுவது பெலிஹுல் ஓயா. அது போய்ச் சேரும் வளவை கங்கையின் தாழ்நிலத்தைத்தான் சற்று முன்பு விளிம்பில் நின்று பார்த்தோம். மகாவலியும் களனியும்கூட இந்த மேட்டுநிலத்தில்தான் நீரெடுக்கின்றன. இவ்வளவு வளமான பொருளைக் கையில் வைத்திருந்தும், பாதை அதை ஒரே காட்சியாக இணைக்கவில்லை.

தியலுமவில் நிலைமை நேர்மாறு. கொஸ்லந்தைக்கு அப்பால் 220 மீட்டர் விழும் அந்த அருவியைத் தெருவோரம் நின்று பார்த்தால் பாதிதான் பார்த்ததாகும். பூனாகலைப் பக்கமாகத் தேயிலையைத் தாண்டி, ஆளுயர மானாப்புல்லுக்குள் இறங்கினால் பாறையைக் குடைந்த குளங்கள் படிபடியாக வரும். ஒரு குளம் நிரம்பி, உதட்டோரம் மெல்லிய தகடாக வழிந்து, அடுத்ததில் தங்குகிறது. கடைசிக் குளத்துக்கு அப்பால் நிலமே இல்லை. நீர் பாறையைச் செதுக்கும் விதத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இடம் ஊவாவில் வேறொன்றை நான் அறியேன். அதன் பக்கத்தில் பேக்கர்ஸ் அழகிய அருவி மட்டுமே.

ஆனாலும் அந்த விளிம்பை நம்பி யாரையும் அனுப்ப முடியாது. பாசி படிந்த பாறை, மேலே மழை பெய்தால் சட்டென ஏறும் தண்ணீர், புல்லுக்குள் பிரிந்து பிரிந்து போகும் ஒற்றையடித் தடங்கள்: எல்லாவற்றையும் நடக்கிறவரின் அனுபவத்திடமே விட்டிருக்கிறார்கள்.

ஆற்றின் சாதனை என்று பார்த்தால் தியலும மேலே நிற்கிறது. நடைபாதை என்ற முழுமையில் ஹோர்டன் சமவெளிக்கே என் தீர்ப்பு. அதன் குறையை நடக்கிறவர் தாமே சரிசெய்துகொள்ளலாம். விளிம்பைப் பார்த்த பிறகு அருவியடியில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் போதும். தியலுமவின் குறையை அப்படித் தனியாள் தீர்க்க முடியாது. அதற்கு ஒழுங்கான தடமும், குளங்களுக்கு ஒரு காவலாளும், மழைநாளில் வழியை மூடும் அதிகாரமும் வேண்டும்.