உதையிலும் ருசி உண்டு

துப்பாக்கி அதேதான், கையும் அதேதான். தோட்டாவை மாற்றினால் உதை மாறிவிடுகிறது. 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கியில் இதை நன்றாக உணரலாம். அதற்கான குண்டுகளில் 115 கிரெயின் உண்டு, 147 கிரெயினும் உண்டு. கிரெயின் என்பது தானிய மணியில் பிறந்த எடை. நம் பொற்கொல்லரின் குன்றிமணிக்குப் பங்காளி. லேசான குண்டு ஏழரை கிராம், ஒரு பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. கனத்தது ஒன்பதரை.

ஐ.பி.எஸ்.சி. துப்பாக்கிச் சுடும் போட்டிகளில் குண்டின் கிரெயின் எடையை வேகத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் குறைந்தது 125 வரவேண்டும். 115 கிரெயின் குண்டு அதைத் தொட நொடிக்குச் சுமார் 1,090 அடி பாய வேண்டும். 147க்கு 855 போதும். காகிதத்தில் இரண்டும் சமம். கை ஒப்புக்கொள்ளாது. லேசான குண்டை விரட்டப் பொதுவாக வெடிமருந்து கூடுதலாக வேண்டும். எரிந்து வாயுவாகி, குண்டைவிட வேகமாகக் குழல்வாயில் பீறிடும் அந்த மருந்துக்கும் எடை இருக்கிறதே, அதுவும் சேர்ந்து உதைக்கிறது. மணிக்கட்டு வெடுக்கென்று சுண்டும். கனத்த குண்டோ உள்ளங்கையை அழுத்தி, நிதானமாகத் தள்ளும். தோசைக்கல்லில் பெரிய தீக்கும் சிறுதீக்கும் உள்ள வித்தியாசம் என்பேன். என் ஓட்டு சிறுதீக்கு.

குழல்முனையில் காம்பன்சேட்டர் பூட்டியவர்கள் மட்டும் நேரெதிர். வாயுவை மேலே திருப்பி முனையை அமுக்கும் அந்தக் கருவிக்கு வாயுதான் தீனி; அவர்கள் லேசான குண்டும் தாராள மருந்தும் கேட்பார்கள்.