பால் பிராண்டின் வலியும் பள்ளிபாளையத்து அத்தையும்

நாமக்கல்லில் மொட்டைமாடி ஏறி வடகிழக்கே பார்த்தால் கொல்லிமலை தெரியும். 1914 ஜூலையில் அந்த மலையில்தான் பால் பிராண்ட் பிறந்தார். தொழுநோயில் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்திய, வேலூர் சி.எம்.சி. மருத்துவர் அவர். பிலிப் யான்சியோடு சேர்ந்து 1993இல் அவர் வெளியிட்ட ஆங்கிலப் புத்தகத்தின் பெயரைத் தமிழில் சொன்னால் 'வலி: யாரும் விரும்பாத பரிசு'. இரண்டு முறை படித்தேன். முதல் முறை வியந்தேன், இரண்டாம் முறை சண்டை போட்டேன். இந்தக் கட்டுரை அந்த இரண்டாம் வாசிப்பைப் பற்றியது.

புத்தகத்தின் அடிப்படை எளிது. தொழுநோயில் விரல் தானாக அழுகி விழுவதில்லை. உணர்ச்சி போய்விடுவதால் சுடுவதும் வெட்டுவதும் தெரியாமல் காயம்பட்டுக் கரைகிறது. இரவில் எலி கடித்தால்கூடத் தெரியாது என்பதால், வீடு திரும்பும் நோயாளிகளோடு பூனை அனுப்பியிருக்கிறார்கள். ஆகவே வலி எதிரி இல்லை, காவல்காரன் என்கிறார் பிராண்ட்.

எனக்கு மிகவும் பிடித்தது அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் அவர் குழு செய்து தோற்ற சோதனை. கையுறையில் சென்சார் வைத்து, அழுத்தம் மிஞ்சினால் சத்தம் வரும்படி செய்தார்கள். நோயாளிகள் சத்தத்தைப் பொருட்படுத்தவில்லை. சரி என்று, உணர்ச்சி மிச்சமிருக்கும் இடத்தில் ஷாக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆட்கள் சுவிட்சை அணைத்துவிட்டு வேலையை முடித்து, மறுபடி போட்டுக்கொண்டார்கள்! ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் அலர்ட்டை மியூட் செய்துவிட்டுத் திரும்பிப் படுத்தவன் என்ற முறையில் எனக்கு இது நன்றாகவே புரிந்தது. பிராண்டின் முடிவு: வலியை அணைக்கும் சுவிட்ச் நம் கையில் இருக்கக்கூடாது.

இந்த இடத்தில்தான் எனக்கு அத்தை ஞாபகம் வந்தது.

பள்ளிபாளையத்தில் மாமா தறி ஓட்டினார், அத்தை தார் சுற்றினார். தறி முதலாளியிடம் வாங்கிய அட்வான்ஸ் எத்தனை வருஷம் உழைத்தும் குறையவில்லை. மாமா இறந்ததும் கடன் அத்தை பேருக்கு மாறியது. பத்தாவது படித்துக்கொண்டிருந்த பையன் தறிக்குப் போனான். முதலாளியும் எங்கள் சபைதான். முன்வரிசையில் உட்காருவார். அத்தையும் அவரும் ஒரே திருவிருந்துப் பாத்திரத்தில் குடித்தவர்கள். சபைப் பெரியவர் ஒருவரிடம் அத்தை முறையிட்டபோது, "கர்த்தர் பார்த்துக்குவாரும்மா, ஜெபம் பண்ணுங்க" என்றார். அத்தை ஜெபம் பண்ணினார். ஒன்றும் நடக்கவில்லை.

ஓர் உடம்புக்குள் வலிப்பதும் கையை இழுப்பதும் ஒரே ஆள். அநீதியில் அப்படி இல்லை. வலி ஒருவர் உடம்பில், சுவிட்ச் இன்னொருவர் கையில். வலி பரிசு என்ற வாதம் நோய்க்குப் பொருந்துகிறது, தறிப்பட்டறைக்குப் பொருந்தவில்லை. 2025 ஜூலையில், கடனில் மூழ்கிய பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்கள் சிறுநீரகம் விற்ற சங்கதி பெரிதாக வெளிவந்தது. அந்த வலி யாரை எச்சரிக்க வந்தது? விற்றவரையா? அவருக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே.

பிராண்டிடம் இதற்கு ஒரு பதில் உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. 1984இல் இதே இருவரும் எழுதிய இன்னொரு புத்தகத்தில், பவுல் சொன்ன 'ஒரே சரீரம்' உவமையை மருத்துவர் கண்ணால் விரிக்கிறார்கள். தலை எல்லா உறுப்பின் வலியையும் அறிகிறது, ஆனால் உறுப்புகள் வழியாகத்தான் செயல்படுகிறது. அப்படியானால் கடவுளின் மௌனம் என்பது நரம்பு செத்த சபை. எங்கள் சபைக்கு இது அச்சு அசலாகப் பொருந்துகிறது, மறுக்க மாட்டேன். ஆனால் அத்தைக்கு இதில் என்ன கிடைக்கிறது? கர்த்தர் பேசவேண்டுமானால் முதலாளி மனசு வைக்க வேண்டும் என்றாகிறது. அதற்கு நேராக முதலாளியிடமே ஜெபம் பண்ணிவிடலாம்.

புத்தகங்களைவிட பிராண்டின் குடும்பக் கதை என்னை அதிகம் தொட்டது. ஒன்பது வயதில் பாலைப் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அப்பா ஜெஸ்ஸி 1929 ஜூனில் கொல்லிமலையில் காய்ச்சலில் இறந்தார். தந்தி முதலில் போய்விட்டது. அவர் எழுதி அனுப்பிய கடிதங்களோ கப்பலில் பிந்தி வந்துகொண்டிருந்தன. 'கடவுளின் பதிலும் இப்படித்தான் தாமதமாக வரும்' என்று யாராவது பிரசங்கம் செய்யலாம். எனக்கு ஒப்பவில்லை. கடிதம் வந்தபோது அப்பா இல்லை, அவ்வளவுதான்.

அம்மா ஈவ்லின் வரலாற்றை டாரதி கிளார்க் வில்சன் 1976இல் புத்தகமாக எழுதினார். மலையில் பல வருஷம் யாரும் இவர்கள் பக்கம் வரவில்லை. கடைசியில் எதிர்த்து நின்ற பூசாரி நோயில் விழுந்து, சாகும்போது குழந்தையை இவர்களிடம் ஒப்படைத்தார். இந்தச் சம்பவத்தைக் கடவுள் திறந்த கதவு என்றே மிஷனரிக் கதைகள் சொல்லிவருகின்றன. ஒரு மனிதரின் சாவு நமக்கு வந்த பதில் என்றால், அந்த வீட்டில் அவருக்காக வேண்டிக்கொண்டிருந்தவர்களுக்குக் கிடைத்தது என்ன? இந்தக் கேள்வியைத் தாண்டி என்னால் பக்கம் திருப்ப முடியவில்லை.

ஆனால் ஈவ்லின் என்ற ஆள் வேறு. வயதாகிவிட்டது, மலைக்குப் போக வேண்டாம் என்றது மிஷன். பணியிலிருந்து ஓய்வு பெற்று, தன் பொறுப்பில் மலையேறிவிட்டார். மட்டக்குதிரையில் ஊர் ஊராகப் போய் மருந்து கொடுத்தார். 1974இல் 95 வயதில் இறந்தார். வலி ஏன் வருகிறது என்று மகன் புத்தகம் எழுதினார். அம்மா அந்தக் கேள்விக்குப் பதில் தேடி உட்கார்ந்ததாகத் தெரியவில்லை, குதிரைக்குச் சேணம் போட்டார்.

போன மாதம் அத்தையைப் பார்க்கப் போனேன். கடன் ஒருவழியாக அடைந்து ஆறு வருஷமாகிறது. அடைத்தது கர்த்தர் இல்லை, பையனின் இருபது வருஷம். "இன்னும் ஜெபம் பண்றீங்களா அத்தை?" என்றேன்.

"பண்ணாம? 88ஆம் சங்கீதம் தெனம் படிக்கிறேன் கண்ணு" என்றார்.

பிரசங்கங்களில் அதிகம் கேட்காத சங்கீதம் அது. முழுக்க முறையீடு, கடைசி வரியிலும் ஆறுதல் கிடையாது. ஏன் அது என்று கேட்டேன்.

"அவரு பதில் சொல்லல. அதுக்காக நான் கேக்கறத விட்டுருவனா?" என்று சொல்லிவிட்டு டீ போட எழுந்தார்.